மாத்திரைக்கு முன் ஒரு ஜெபம்

என் கணவர் இருமித் துடைத்த துண்டில் முதன்முதலாக ரத்தத்தைப் பார்த்தபோது, வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். அவர் வெற்றிலை போடுகிறவரே அல்ல. பயந்த மனது எதையாவது சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறது.

மதுரை செல்லூரில் விசைத்தறிப் பட்டறையில் அவருக்கு வேலை. அதனால் மாதக்கணக்கில் இருமியும் பஞ்சுத் தூசி என்றே தள்ளிப்போட்டோம். சாயங்காலமானால் காய்ச்சல். இரவில் படுக்கை நனைய வியர்வை. போன தீபாவளிக்கு எடுத்த சட்டை தோளில் தொங்கியது. எல்லாப் பழியும் பாவம் அந்தத் தூசிக்கே. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, காசநோய் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆண்டவரே, இவரை எனக்கு விட்டுவையும் என்று அழுதேன்.

மாத்திரை விழுங்க விழுங்க இருமல் நின்றது. பசி வந்தது. எங்கள் சபையின் பாடகர் குழுவில் மறுபடியும் பாட ஆரம்பித்தார். அறுப்பின் பண்டிகை ஆராதனையில் எழுந்து நின்று, "இயேசப்பா என்னைப் பூரணமா சுகமாக்கிட்டாரு" என்று சாட்சி சொன்னார். சபையே கைதட்டியது. எனக்கும் சந்தோஷம்தான், மறுநாள் காலை வரைக்கும்.

மறுநாள் மாத்திரையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சுகமாயிட்டேன்னு நேத்துத்தான சபையில சொன்னேன்? இன்னைக்கு இதை முழுங்குனா என்ன அர்த்தம் கிரேசு? கர்த்தரைப் பொய்யராக்கச் சொல்றியா?"

கெஞ்சினேன். சண்டை போட்டேன். மூன்று நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை எழுந்து நிற்கவே முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டி எனக்குப் புரியும்படி சொன்னார்.

"இருமல் நின்னா கிருமி போயிருச்சுன்னு அர்த்தமில்லம்மா. மொதல்ல கொஞ்ச நாள்லயே நெறைய கிருமி செத்துரும், அதான் ஆளு தெளிஞ்சிர்றாங்க. மிச்சம் நெஞ்சுக்குள்ள பதுங்கிக் கெடக்கும். அதையும் கொல்லத்தான் அம்புட்டு மாசம் குடுக்கிறோம். பாதியில விட்டதால இப்பப் பழைய மருந்துக்கு அது அடங்கல."

இடது நுரையீரலில் குழி விழுந்திருந்தது. வேறு மருந்து, இன்னும் கடுமையான மருந்து. அதையும் அவர் தொடவில்லை. இப்போது காரணம் வேறு. "பொய்ச்சாட்சி சொன்னவன் நான். எனக்கு எதுக்கு மருந்து?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எதிர்க் கட்டிலில், மேலூர்ப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்த ஓர் இளைஞன். அவன் அம்மா "அழகரே, அழகரே" என்று ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலை நான் போனபோது அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேலைக்குப் போகணும்னு எம் மகன் பாதியில நிப்பாட்டிட்டான். ஒன் வீட்டுக்காரரயாச்சும் முழுங்கச் சொல்லு தாயி."

அன்று நான் சுகம் கேட்கவில்லை. அவ்வளவு பெரிதாகக் கேட்க எனக்குத் தெம்பில்லை. ஆண்டவரே, இந்த மனுஷன் வாயைத் திறக்கட்டும், அது போதும் என்று மட்டும் கேட்டேன்.

அன்று சாயங்காலம் எங்கள் சபைப் போதகர் வந்தார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் கணவர் விம்மி விம்மிச் சொன்னதையெல்லாம் கேட்டார். திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை.

"சோத்துக்கு ஜெபம் பண்ணித்தான தம்பி சாப்புடுறோம்? அதைக் குடுத்தவர்தான் இதையும் குடுத்தாரு. கண்ண மூடுங்க."

ஸ்தோத்திரம் செய்துவிட்டு மாத்திரையை நீட்டினார். திருவிருந்தில் அப்பம் வாங்குகிற பழக்கத்தில், என் கணவர் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏந்தினார். வாங்கினார். விழுங்கினார். நான் வெளியே போய் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எல்லாம் எளிதாக நடந்தது என்று சொல்லமாட்டேன். வாந்தி. கால் மரத்துப்போனது. முகம் கறுத்து, அடையாளம் தெரியாத ஆளாகிவிட்டார். ஆனாலும் தினமும் ஜெபம், பிறகு மாத்திரை. கடைசி மாத்திரை வரை விழுங்கினார். இப்போது அவர் சளியில் கிருமி இல்லை. தேவனுக்கே மகிமை.

ஆனால் நுரையீரலில் ஆறிய இடம் தழும்பாகிவிட்டது. அது காற்றுக்கு விரியாதாம். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். பாடகர் குழுவிலும் இல்லை. ஆராதனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைக்கிறார். அந்தக் குரலுக்காக நான் இன்னும் துக்கப்படுகிறேன்.

அந்த மேலூர் அம்மாவும் என்னைப் போலத்தான் கதறினார். எனக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை? தெரியவில்லை. தெரிந்ததுபோலப் பேசவும் எனக்கு மனமில்லை. அவருக்காக ஜெபிக்கிறேன், அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற யாராவது மாத்திரையைப் பாதியில் நிறுத்தியிருந்தால், வெட்கப்படாதீர்கள். நம் ஆண்டவர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறவர் அல்ல. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் நான் கூட வருகிறேன். விழுங்க மனம் வராவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், என் கணவர் ஜெபம் பண்ணுவார். இடையிடையே அவருக்கு மூச்சு வாங்கும். பொறுத்திருந்து ஆமென் சொல்லுங்கள். தண்ணீர் நான் கொண்டு வருகிறேன்.