சீனி போடாத இரண்டு நாள்: ஹுன்னஸ்கிரியவிலிருந்து கம்பளைக்கு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், மஹியங்கனை பஸ்ஸில், ஒரு ஜேம் போத்தலை மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தபடி வந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

போத்தலில் இருந்தது காய்ந்த கள்ளு வண்டல். கம்பளையில் அக்காவுக்கு ஓர் அப்பக் கடை. அவருடைய மாவைப் புளிக்க வைத்தது ஹுன்னஸ்கிரியவில் மரம் ஏறும் முனியாண்டி அண்ணன் கொடுத்த கித்துள் மரத்துக் கள்ளு. ஒவ்வொரு நாளும் அக்கா அந்த மாவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அடுத்த நாள் மாவில் சேர்ப்பார். கால் முறிந்து அவர் படுத்திருந்தபோது, கடையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த மிச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது அடியேன். அதன்பின் அந்த ருசி வரவில்லை, ஆட்களும் வரவில்லை. ஞாயிறு மதியத்துக்குள் பழையபடி மாவு பொங்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிடுவதாக அக்கா கடைச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டார்.

வெள்ளி காலை 6.40க்குக் கண்டியில் ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் ஏறினேன். 35 கிலோமீற்றர், ஒன்றேமுக்கால் மணித்தியாலம், 180 ரூபாய். இடதா வலதா, எந்தப் பக்கம் காட்சி நல்லது என்று கேட்காதீர்கள், தூங்கிவிட்டேன். அங்கிருந்து முனியாண்டி அண்ணன் இருக்கும் தோட்ட லயத்துக்கு ஆட்டோ 300.

"மரம் ஏறுறத விட்டு ரெண்டு வருசமாச்சுங்க," என்றார் முனியாண்டி அண்ணன். "கள்ளு முட்டி மட்டும் தொங்குது. சுரண்டிக்கிட்டுப் போங்க. உசுரு இருந்தா உங்க அதிர்ஷ்டம்."

வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். சனி முழுதும் ஒரு குமிழி இல்லை.

ஞாயிறு 7.30க்குப் பேராதனை பஸ், 40 ரூபாய். பக்கத்து வீட்டுச் சாந்தி அங்கே ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். நுண்நோக்கியில் என்னையும் பார்க்க விட்டாள். குட்டி உருண்டைகள், ஒரு பைக்குள் நாலு நாலாக, கண்ணாடி மணிகள் மாதிரி மினுங்கின.

"செத்துட்டுதா?"

"தூங்குது அண்ணே. பட்டினி கிடந்தா ஈஸ்ட் இப்படித்தான், தடிச்ச தோலைப் போர்த்திக்கிட்டுப் படுத்துரும். வெறுந்தண்ணிக்கு எழும்பாது. சீனி வந்தாத்தான் சாப்பாடு வந்துட்டுதுன்னு அதுக்குத் தெரியும். மினுக்கம் மங்கும், ஊதும், தோலைப் பிச்சுக்கிட்டு வரும், அப்புறம்தான் பெருகும். சீனி போட்டீங்களா?"

"எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. வீட்டுல சீனியே வாங்குறதில்ல."

"வருத்தம் உங்களுக்குத்தானே, அதுக்கு இல்லையே."

இரண்டு நாளாக அந்தச் சீவன்களையும் என் பத்தியத்தில் வைத்திருந்திருக்கிறேன். சாந்தி ஒரு கரண்டி குளுக்கோஸ் போட்டபோது மணி எட்டரை. பொங்குவதற்குப் பத்து மணித்தியாலமாவது வேண்டுமாம்.

கம்பளைக்கு ஐம்பது நிமிடம், 70 ரூபாய். அக்கா வெறுங்கடையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பொங்கிருச்சா?"

"சாயங்காலம் பொங்கிரும்க்கா."

"உனக்கு எல்லாமே சாயங்காலம்தான்டா தம்பி."

பன்னிரண்டு மணிக்குச் சொந்தக்காரர் வந்தார், கூடவே புது வாடகைக்காரரும். அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு அப்பச் சட்டிகளைப் பேப்பரில் சுற்றினார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மாலை 6.50க்கு, அக்கா வீட்டு மேசையில், நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்தது. "நல்லாத்தான் எழும்பிருக்கு," என்று சொல்லி, அதை வாழை மரத்தடியில் ஊற்றினார்.

இந்த வழியில் போகிறவர்களுக்கு: வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றோடு பஸ் ஏறுங்கள். காய்ந்த வண்டல் கிடைத்தால் அன்றைக்கே சீனி போடுங்கள். வெள்ளி மாலை நான் ஒரு கரண்டி போட்டிருந்தால் அக்கா இன்று அப்பம் சுட்டுக்கொண்டிருப்பார். எழுதினால் மனப்பாரம் குறையும் என்றார்கள். குறையவில்லை.

திங்கட்கிழமை முனியாண்டி அண்ணனுக்கு ஃபோன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அதுல கள்ளு எங்கங்க? அக்காவுக்கு அன்னைக்குக் குடுத்தது, நீங்க இப்பச் சுரண்டுனது, எல்லாம் தெல்தெனியக் கடையில வாங்கி முட்டியில கரைச்ச பாக்கெட் ஈஸ்ட்தாங்க."