ஊருக்குப் போன முதலாளி

மத்தியானம் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. கீச்... கீச்... நடைவழியில் சக்கர நாற்காலி உருள்கிற சத்தம். அக்காவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த நாற்காலிக்காரரைப் புதைத்துவிட்டு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

கூடத்தில் கூடை பின்னிக்கொண்டிருந்த, கண் தெரியாத ஒரு அம்மா, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "முதலாளி போறாரு."

அக்கா குழாயைக்கூட மூடவில்லை. ஈரக் கையோடு நடைவழிக்கு ஓடினாள். யாரும் இல்லை. அவருடைய நாற்காலியைப் போட்டு வைத்திருந்த சாமான் அறைக் கதவு மட்டும் விரியத் திறந்து கிடந்தது.

அவளை அந்த வீட்டில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கூடப் பிறந்தவன் என்னவோ ஒருவன்தான். உடம்பு நாற்பதைத் தாண்டியும் மனசு பள்ளிக்கூட வாசலைத் தாண்டாத தம்பி. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் காபியைக் குடித்துவிட்டு, "தம்பியும் கூடவே வருவாரா?" என்று கேட்டார்கள். "ஆமா" என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது. அப்பா அம்மா போன பிறகு, சொந்தக்காரர்கள் இவளை மட்டும் கூப்பிட்டார்கள். அவர்கள் முகத்தில் அடித்தாற்போல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தாள். தனியாக வாழ முடியாதவர்கள் சேர்ந்து வாழ்வதற்காக வயல்வெளிக்கு நடுவே கட்டிய வீடு. படிகளுக்குப் பதில் சரிவுப் பாதை, குளியலறையெல்லாம் கைப்பிடிக் கம்பி. சமையல் வேலை அவளுக்கு, ஒரு கட்டில் தம்பிக்கு. அவள் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

அங்கே தம்பிக்கு டிரைவர் என்று பேர் வந்தது. வைத்தவர் பக்கத்துக் கட்டில் முதலாளி. அவருக்குப் பிறந்ததிலிருந்து கால் இரண்டும் வராது. அதற்கும் சேர்த்து வாய் வேலை செய்தது. "டேய் டிரைவர், வண்டிய எடுடா! தூங்குறியா?" என்று அவர் அதட்டினால் தம்பிக்கு முகமெல்லாம் பல். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போவான். இருவரும் பஸ் பார்ப்பார்கள். யார் இறங்கினாலும் முதலாளி ஒரு குறை சொல்வார், தம்பி விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரில் பெரிய பெரிய ஆட்களுக்குக்கூட அப்படி ஒரு சிநேகிதம் வாய்த்திருக்காது.

முதலாளிக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது, அவரைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அங்கிருந்தே அடக்கம். போனவர்கள் அக்காவும் நிர்வாகியும்தான்.

"இவங்ககிட்ட சொல்ல வேண்டாம்மா," என்றார் நிர்வாகி. "தாங்க மாட்டாங்க. ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லுங்க, போதும். கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

தாங்க மாட்டார்களாம்! தாங்க முடியாதது அவருக்கு. அழுகிறவர்கள் முன்னால் நிற்கத் தைரியமில்லை, அவ்வளவுதான். ஆனால் அக்கா மட்டும் என்ன வாழ்ந்தாள்? அவளும் மென்று விழுங்கிவிட்டு, தம்பியிடம் அந்தப் பச்சைப் பொய்யைச் சொன்னாள்.

இப்போது கேட்டுக்கு ஓடினால், தம்பி அங்கே நின்றுகொண்டிருந்தான். நாற்காலிக்கு பிரேக் போட்டு, முதலாளியின் போர்வையை மடித்து அதில் வைத்திருந்தான். பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களின் முகத்தை அவன் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான்.

"இங்க என்னடா பண்றே?"

"முதலாளி வண்டிய விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாருக்கா. வந்தா எப்படி உள்ள வருவாரு? நடக்க வராதுல்ல?"

பொய் சொன்ன யாருக்கும் இது தோன்றவில்லை. அக்கா குனிந்து போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றைக்கு இதைச் சொன்னால் அவன் தன்னை இனி நம்புவானா என்று பயமாக இருந்தது. அவனுக்கு நம்ப வேறு யார் இருக்கிறார்கள்?

அவன் தினமும் போனான். தினமும் அந்தக் கீச் கீச் அவள் முதுகுத்தண்டில் ஏறி இறங்கியது. கடைசியில் பொறுக்க முடியாமல், அவன் குளிக்கப் போன நேரம் பார்த்து, முன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டாள். எவ்வளவு கெட்டிக்காரத்தனம்!

மறுநாள் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. முதுகில் யாரோ பார்ப்பதுபோல் இருக்க, சட்டென்று திரும்பினாள். சமையலறை வாசலில் அந்த நாற்காலி. காலியாக. போர்வை மட்டும், ஒரு ஆள் மடிபோலச் சரிந்து. அவள் வீறிட்டு அலறியதில் கரண்டி எங்கோ பறந்தது.

நாற்காலிக்குப் பின்னாலிருந்து தம்பி எழுந்தான். குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"சத்தம் வரலக்கா. சத்தம் இல்லன்னா அவருக்கு எப்படித் தெரியும், நான் வர்றேன்னு?"

அக்கா அடுப்பை அணைத்தாள். அவனைத் தரையில் உட்கார வைத்து, எதிரே உட்கார்ந்தாள்.

"முதலாளி வர மாட்டாருடா. ஊருக்குப் போகல. ஆஸ்பத்திரியிலேயே செத்துப் போயிட்டாரு. நான்தான் உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவன் நாற்காலியிலிருந்து போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அங்க அவர யாரு தள்ளுனா?"

"அங்க ஆளுங்க இருந்தாங்கடா."

"நல்லா தள்ளுனாங்களா?"

அக்கா ஆமென்று தலையை ஆட்டினாள். அவன் அப்போதுதான் அழுதான். வாய்விட்டு, வீடே கேட்கும்படி அழுதான். கூடத்தில் கண் தெரியாத அம்மாவும், "எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று சொல்லி விசும்பினாள். நிர்வாகி அறைக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அழுது ஓய்ந்து, அவள் முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு தம்பி சொன்னான்:

"அக்கா, நீ செத்தா நீயே வந்து என்கிட்ட சொல்லிடு. இவங்க நீ ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிடுவாங்க. நான் கேட்டுல நின்னுக்கிட்டே இருப்பேன்."

அவன் கை அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. பதில் வராமல் விடாது போலிருந்தது.

"வந்து சொல்றேன்டா," என்றாள் அக்கா.