ஞ இல்லாத திங்கட்கிழமை

என் கீபோர்டில் மொத்தம் நாற்பத்தேழு பொத்தான்கள். கடையில் இருக்கும் பெரிய கீபோர்டில் நூற்றுச் சொச்சம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் லாரிக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தியது போல இருக்கும். என்னுடையதில் எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. அம்புக்குறி கிடையாது. பொத்தான்களின் மேல் எழுத்துகூடக் கிடையாது, எல்லாம் மொழுமொழுவென்று கறுப்பு. கீழே ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தால், எழுத்துகள் இருந்த இடத்துக்கு எண்கள் வந்துவிடும். விட்டால் மறுபடியும் எழுத்துகள். கீழ் வீடு, மாடி வீடு மாதிரி. அந்தப் பொத்தானுக்கு நான் வைத்த பெயர் மாடிப்படி.

பாகம் பாகமாகப் பார்சலில் வரவழைத்து, திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நானே கோத்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் அடியில் சுவிட்ச் என்று ஒரு குட்டிப் பெட்டி, இரண்டு செம்புக் கால்களோடு. பலகையில் குத்தினால் உட்கார்ந்துகொள்ளும், பிடுங்கினால் வந்துவிடும். எல்லாவற்றையும் மாட்டி முடித்து அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"மீதி பாதி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

தமிழ் அடிப்பதில்தான் சிக்கல். ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் கீபோர்டின் ஓரத்தில் குடியிருக்கும் எழுத்துகள். என் கீபோர்டில் ஓரமே இல்லை. நான்கு எழுத்துகளை எப்படியோ நெருக்கி உட்கார வைத்தேன். ஞ-வை மட்டும் கீழ் வரிசை இடது மூலைக்குத் தள்ளினேன். எப்போதாவது வருகிற விருந்தாளிக்கு அந்த இடம் போதும் என்று நினைத்தேன்.

நான் வேலை செய்வது தாலுகா ஆபீஸுக்கு எதிரில் இருக்கும் டைப்பிங், ஜெராக்ஸ் கடையில். முதலாளி ஒரு அக்கா. கடையில் சுழல் நாற்காலி ஒன்றே ஒன்று, ஃபேனுக்கு நேர் கீழே, குஷனோடு. டைப் அடிக்கிறவருக்கு நாற்காலி, ஜெராக்ஸ் எடுக்கிறவருக்குத் தரை. நாலு மாதத்துக்கு முன் பி.எஸ்சி. முடித்த பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்றபடி அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வேண்டுமென்றே அதில் ஒரு சுற்றுச் சுற்றி, "இன்னா மேடம், கால் வலிக்குதா?" என்பேன். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

கடைக் கம்ப்யூட்டரிலும் என் கீபோர்டைத்தான் மாட்டி வைத்திருந்தேன். ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் பட்டா நம்பர் அடிக்க வேண்டி அக்காவே உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"டேய், ஒன்னு, ரெண்டெல்லாம் எங்கடா வச்சிருக்கற?"

"மாடியில இருக்குதுக்கா."

அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அந்தப் பெண் ஜெராக்ஸ் மெஷின் மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தாள். அதோடு என் கேஸ் தீர்ப்புக்கு வந்துவிட்டது.

"திங்கக்கிழமை விழுப்புரத்துக்கு இந்தப் பொம்மையவே எடுத்துக்கினு வா" என்றார் அக்கா. "பெரிய கீபோர்ட நான் பையில போட்டு மடியில வச்சிக்கினு உக்காந்திருப்பேன். பை ஜிப்பு தொறந்துச்சு, நாற்காலி அந்தப் பொண்ணுக்கு. நீ போய் ஜெராக்ஸ் எடு."

"தொறக்கலன்னா?"

"ஆயுசுக்கும் நீயே உக்காந்து சுத்திக்கினு கெட."

திங்கள்தோறும் விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் மனு நாள். நாங்கள் மடக்கு மேசை, லேப்டாப், ஜெராக்ஸும் எடுக்கிற சின்ன பிரின்டர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய், எதிரில் ஒரு டீக்கடையில் கரன்ட் எடுத்து மனு அடித்துக் கொடுப்போம். லேப்டாப்பின் சொந்த கீபோர்டு போன மழைக்காலத்தில் டீ குடித்துச் செத்துப்போனது. யார் கைபட்டு டீ கொட்டியது என்ற விசாரணை இன்னும் முடியவில்லை. என் கைதான்.

பந்தயம் என்றதும் ஞாயிறு மத்தியானம் கீபோர்டைத் தயார் பண்ண உட்கார்ந்தேன். சுவிட்சுக்குள் மசகு போட்டால் பொத்தான்கள் வழுக்கிக்கொண்டு போகும் என்று வீடியோவில் பார்த்திருந்தேன். அவர்கள் சொன்ன மசகு திண்டிவனத்தில் எந்தக் கடையிலும் இல்லை. அம்மாவின் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. மாடிப்படிக்குத்தான் முதல் மரியாதை, நாலு சொட்டு. அப்புறம் வரிசையாக எல்லோருக்கும். கடைசியாக மூலையில் இருந்த ஞ-வுக்கு வரும்போது கிண்ணம் காலி. அது காய்ந்தே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடித்துப் பார்த்தேன், வெண்ணெய்தான். மத்தியான வெயிலில் எனக்கு ஒரு விஷயம் மறந்துபோனது. அது மார்கழி மாதம்.

விடிகாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா ஒரு பொத்தானை அழுத்தினேன். இறங்கியது. எண்ணிக்கொண்டு காத்திருந்தேன். கண்டக்டர் டீ குடித்துவிட்டு வருவது போல மெதுவாக ஏறி வந்தது. உள்ளே எண்ணெய் உறைந்துவிட்டது. மாடிப்படியை அழுத்திப் பார்க்கவே பயமாக இருந்தது. கீபோர்டை அப்படியே சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "இன்னா, அடை வைக்கிறியா?"

"குஞ்சு பொரிச்சா உனக்கு ஒன்னு தர்றேன் மேடம்."

"வேணாம்பா. உன் கீபோர்டும் உன்ன மாதிரிதான். பாதியிலயே நின்னுடுச்சு."

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை கீபோர்டை இன்னும் இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையில் மேசையை விரித்ததும் முதல் ஆளாக வந்தவர் முகையூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், கழுத்தில் ஜெபமாலை. ஊருக்கு வரும் டவுன் பஸ் பற்றி மனு வேண்டும் என்றார். அக்கா எனக்கு எதிரில் ஸ்டூல் போட்டு, மடியில் பையோடு உட்கார்ந்தார். நான் அனுப்புநர் போட்டேன், பெயர் போட்டேன். கதவு எண்ணுக்காக மாடிப்படியை மிதித்தேன். பன்னிரண்டு வந்தது. விரலை எடுத்தேன். மாடிப்படி எழுந்திருக்கவில்லை. நான் தெருப் பெயரை அடிக்க அடிக்க எல்லாம் எண்ணாகவே விழுந்தது.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். "இன்னாப்பா கதவு நம்பரு இவ்ளோ நீளத்துக்குப் போவுது? எங்க ஊர்லயே மொத்தம் அறுவது வூடுதான்."

அக்காவின் விரல் ஜிப்பின் மேல் போனது.

"இரு அக்கா, இரு! ஒரே நிமிஷம்" என்று அக்காவின் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினேன். எண்ணெய் படாத சுவிட்ச் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மூலையில் காய்ந்து கிடந்த ஞ. அதைப் பிடுங்கி மாடிப்படியின் இடத்தில் குத்தினேன். மாடிப்படியின் எண்ணெய்ச் சுவிட்சை ஞ-வின் இடத்தில் வைக்கப் பார்த்தால், நெம்பிய வேகத்தில் அதன் ஒரு கால் ஒடிந்திருந்தது. ஞ இருந்த இடம் ஓட்டைப் பல்லாகக் கிடந்தது. போகட்டும், பஸ் மனுவில் ஞ-வுக்கு என்ன வேலை?

மாடிப்படி இப்போது ஜம்மென்று ஏறி இறங்கியது. வெயிலும் வந்து மேசையில் விழுந்தது. எண்ணெய் இளக இளக என் விரல்கள் பறந்தன. அக்காவைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினேன். "சொல்லும்மா, பஸ்ஸுக்கு இன்னா கொற?"

"மத்த நாளெல்லாம் கரெக்டா வருது. ஞாயித்துக்கெழமை மட்டும் வர்றதில்லப்பா."

என் கை நின்றது.

"நல்லா யோசிச்சிச் சொல்லும்மா. செவ்வாக்கெழமைகூட வராம இருந்திருக்குமே?"

"செவ்வாக்கெழமை வந்துச்சே. நான்தான ஏறனேன்."

சரி என்று 'விடுமுறை நாட்களில் பேருந்து வருவதில்லை' என்று அடித்துப் படித்துக் காட்டினேன்.

"லீவுன்னா பொங்கலும் லீவுதான். நாங்க கோயிலுக்குப் பூசைக்குப் போறது ஞாயித்துக்கெழமை. அதப் போடு."

'வாரக் கடைசி நாளில்' என்று மாற்றினேன்.

"அது சனிக்கெழமையா, ஞாயித்துக்கெழமையா?"

பின்னால் வரிசை வளர்ந்துவிட்டது. எனக்கு ஒரு கெட்ட புத்தி வந்தது. திரையில் வாரக் கடைசியையே வைத்துக்கொண்டு, வாயால் மட்டும் 'ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து வருவதில்லை' என்று கணீரென்று படித்தேன். அந்த அம்மா தலையாட்டினார். அப்புறம் விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"எங்க இருக்குது? காட்டு."

நான் திரையில் பக்கத்தை மேலே தள்ளினேன்.

"நான் எட்டாவது வரைக்கும் படிச்சவப்பா. நீ இன்னா படிச்சிருக்கற?"

"அவரு பத்தாவதும்மா" என்றாள் அந்தப் பெண் பின்னாலிருந்து. "மூணு தபா."

வரிசையே சிரித்தது. ஓட்டையில் தெரியும் இரண்டு துளைகளையும் ஹேர்பின்னால் ஒன்றாகத் தொட்டால் ஞ விழுந்துவிடும் என்று குனிந்தேன். "ஷாக் அடிச்சி சாவாதடா!" என்று அக்கா பின்னைப் பிடுங்கிக் கொண்டையில் செருகிக்கொண்டார். அடுத்து ஜிப் ஒரு விரற்கடை திறக்கும் சத்தம் கேட்டது. ஆயுசுக்கும் என்று சொன்ன நாற்காலி என் கண் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றியது.

"இரு, நகரு" என்று அந்தப் பெண் என் தோளுக்கு மேலே கையை நீட்டி மவுஸைப் பிடித்தாள். போன வாரம் அடித்து லேப்டாப்பிலேயே கிடந்த காதுகுத்துப் பத்திரிகையைத் திறந்தாள். காதுகுத்தை யார் செவ்வாய்க்கிழமை வைக்கிறார்கள்? அதில் ஞாயிற்றுக்கிழமை பெரிசாக உட்கார்ந்திருந்தது. காப்பி எடுத்து மனுவில் ஒட்டினாள். கத்தரிப்பூ நிறத்தில், கொட்டை எழுத்தில், இரண்டு பக்கமும் பூங்கொத்தோடு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியது.

"ஐயோ, கலெக்டருக்குப் போற மனு. சின்னதாக்கு" என்றேன்.

"தொடாத!" என்றார் அந்த அம்மா. "அது இருக்கட்டும். அதான முக்கியம்."

பிரின்ட் வந்தது. அந்த அம்மா தாளைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டினார். அடுத்து நின்ற பெரியவர், "எனக்கு வாய்க்கால்ங்கறத அதே மாதிரி பூ வச்சிப் போடுங்க" என்றார். அவருக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெருவிளக்கு, பூவோடு. நிறமும் பூவும் போடுகிற வேலை எனக்கு வராது. ஒரு நிமிஷம்தானே என்று எழுந்து அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டேன்.

உட்கார்ந்தவள் மவுஸோடு நிற்கவில்லை. என் வழுக்கைக் கீபோர்டில் கையை வைத்து, பார்க்காமலே அடித்தாள். மாடிப்படியில் ஏறிக் கதவு எண் அடித்து இறங்கினாள்.

"இத எப்பக் கத்துக்கின?"

"நாலு மாசமா உன் முதுகுக்குப் பின்னால நின்னுக்கினு வேற இன்னா பாத்துக்கினு இருந்தேன்?"

பை கடைசிவரை திறக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் வழக்கை எடுத்தேன். "ஜிப்பு ஒரு விரற்கடைதான் தொறந்துச்சு. அது கணக்குல வராது. நான்தான் ஜெயிச்சேன்."

"யாருடா இல்லன்னா? ஜெயிச்ச. நாற்காலி காலியா இருந்தா உக்காந்துக்கோ."

அது காலியாகவே இல்லை. அந்தப் பெண் எனக்கு முன்னாலேயே கடைக்கு வருகிறாள். சாப்பாட்டு டப்பாவையும் அதிலேயே உட்கார்ந்து திறக்கிறாள். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிச் சாவிக் கொத்தில் மாட்டி, பஸ்ஸில் போன அன்று வீட்டிலேயே விட்டுவந்திருந்த என் ஒரே உபரி சுவிட்சைக் கேட்டு வாங்கி, ஞ-வின் இடத்தில் குத்திக்கொண்டாள். மேலே சிவப்பு நெயில் பாலிஷால் ஞ என்று எழுதினாள். நாற்பத்தேழில் பெயர் போட்ட பொத்தான் அது ஒன்றுதான்.

போன திங்கள் முகையூர் அம்மா மறுபடியும் வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் இப்போது பஸ் வருகிறதாம். பூசை முடிந்த பிறகு வருகிறதாம். வாங்கம்மா என்று எழுந்து நின்ற என்னைத் தாண்டிப் போனார்.

"பூப்போட்ட எழுத்து அடிக்கிற பொண்ணு நீதான? இந்தத் தபா நேரத்துக்கும் பூ வையி."

அவள் மாடிப்படியை அழுத்தி ஆறு மணியை அடித்தாள். அடித்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"ரெண்டு காப்பி எடுப்பா. ஜல்தி."

எடுத்தேன், நின்றுகொண்டே.