வாழைக்கு வெட்டிய குழி

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். வீடு பெண்ணுக்கு எழுதிய சீதனம். கட்டில், கதிரை, கிணறு, கிணற்றடித் தென்னை எல்லாம் அதற்குள் அடக்கம். கல்முனையில் நான் அப்படிக் குடிபோன அன்று, விறாந்தையில் இருந்த ஒரே நல்ல கதிரையில் ஒரு மஞ்சள் பூனை படுத்திருந்தது. அது எழும்பவில்லை. மாமியும் அதை எழுப்பவில்லை. கோட்டும் சூட்டுமாக நான் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

அந்த வீட்டில் அது எனக்கு மூத்தது என்று அன்றே விளங்கிவிட்டது. பதினொரு வருடம் நாங்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழ்ந்தோம். எங்களுக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. பூனையைப் பற்றித்தான் கதைப்போம். அது என்ன தின்றது, எங்கே போனது, யாருடன் சண்டை பிடித்தது என்று மனைவி சொல்லச் சொல்ல நான் ‘உம்’ கொட்டுவேன்.

பிறகு அது தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. குளியலறை வாளி, கிணற்றடித் தொட்டி, பூச்சாடித் தட்டு, ஒன்றையும் விடவில்லை. இரண்டு பேர் சாப்பாட்டைத் தின்றது, ஆனால் முதுகெலும்பு தெரிய மெலிந்தது. மாமி ஒருநாள் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “இது சீனி வருத்தம்தான் மகன். எனக்கும் இப்பிடித்தான் தொடங்கின” என்றார். சொன்னதோடு நிற்காமல் தான் சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து பூனையின் காதில் குத்தியும் பார்த்தார். அவருடையதைவிட எவ்வளவோ கூட. தன்னைவிடப் பெரிய நோயாளி ஒருவர் வீட்டில் இருப்பது மாமிக்கு ஒரு திருப்தியாக இருந்தது என்றே நினைக்கிறேன்.

கால்நடை வைத்தியரும் அதையேதான் சொன்னார். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. சாகும்வரை.

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று கூட்டம் போட்ட எலிகளுக்கு எங்கள் வீட்டுக் கஷ்டம் தெரியாது. எங்கள் கேள்வி, பூனைக்கு ஊசி போடுவது யார் என்பது. மனைவிக்குக் கை நடுங்கியது. மாமிக்கு ஊசியின் அளவுக்கோடு கண்ணுக்குத் தெரியாது. மருமகனுக்கு என்ன குறை? நான்தான் போட்டேன். முதல் கிழமை பூனைக்குப் போட்டதைவிட என் பெருவிரலுக்குப் போட்டது அதிகம்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்து, ஊசி, இரத்தப் பரிசோதனை, மாதம் ஒரு தடவை வைத்தியர் என்று சம்பளத்தில் ஒரு பங்கைப் பூனை தின்றது. என் மோட்டார் சைக்கிளின் பின் டயர் வழுக்கைத் தலையாகிவிட்டது, மாற்ற முடியவில்லை. நான் முணுமுணுத்தால் மனைவி, “அதுட றிஸ்க்க, அதுக்கு எழுதின சாப்பாட்ட, அல்லாஹ் தருவான். நீங்க ஏன் கவலப்படுறீங்க?” என்பாள். தருகிறான்தான். என் சட்டைப்பை வழியாகத் தருகிறான்.

அப்படியாவது சுகம் வந்ததா? இல்லை. வைத்தியர் அளவைக் கூட்டினார். சீனி இறங்கவில்லை. மறுபடியும் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. ஆறு மாதத்தில் அது கதிரையில் ஏற முடியாமல் கீழே நின்று கத்தும் நிலைக்கு வந்துவிட்டது. தூக்கி வைத்தால் படுக்கும். நடக்கும்போது பின்னங்கால் மடங்கும். மனைவி அதன் பக்கத்தில் நிலத்தில் இருந்து அழுவாள். எனக்கு அவளைப் பார்க்கவும் முடியவில்லை, பூனையைப் பார்க்கவும் முடியவில்லை, பாமசிக்காரனைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வைத்தியரிடம் கொண்டுபோய், ஒரேயடியாக முடிக்கிற அந்த மற்ற ஊசியைப் போடச் சொல்வது. வீட்டில், பரிசோதனைக்குப் போன இடத்தில் மௌத்தாகிவிட்டது என்று சொல்வது. வேதனைப்படுகிற சீவனுக்கு அதுதான் நல்லது என்று எனக்கு நானே நூறு தடவை சொல்லிக்கொண்டேன். அந்த நூறில் பத்துப் பதினைந்து தடவை டயரும் ஞாபகத்துக்கு வந்தது.

முதல்நாள் பின்னேரம் வளவின் பின்பக்கம் குழி வெட்டினேன். நாய் கிளறாதபடி ஆழமாகவே வெட்டினேன். பதினொரு வருடத்தில் மண்வெட்டியைத் தொடாத மனுசன் வியர்க்க விறுவிறுக்க வெட்டுவதைக் கண்ட மனைவி, “என்னத்துக்கு இது?” என்று கேட்டாள்.

“வாழை வைக்க.”

“வாழையா? நீங்களா?” என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து தந்தாள். அவள் உள்ளே போனதும் அந்தத் தேத்தண்ணீரைக் குழிக்குள் ஊற்றினேன்.

அடுத்தது லீவு. அரசாங்கக் கந்தோரில் பூனைக்கு லீவு கேட்டால் அந்தக் கதை சம்மாந்துறை வரைக்கும் போய்விடும். பிரதம லிகிதருக்குத் தொலைபேசி எடுத்து, “மாமிக்குச் சரியான சுகமில்ல சேர், டொக்டரிட்டக் கொண்டு போகணும்” என்றேன். அவர் பதறிப்போய்த் துஆ செய்வதாகச் சொன்னார்.

பூனையைப் பழக்கூடைக்குள் வைத்து, மேலே பழைய சாரத் துணியால் கட்டி, வழுக்கை டயரில் மெதுவாகப் போனேன். வைத்தியரின் முற்றத்தில் இரண்டு மாடும் ஐந்தாறு ஆடும் எனக்கு முன்னால் நின்றன. மாட்டுக்காரர் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்தார்.

“பூனைக்கு என்ன?”

“சீனி.”

அவர் சிரிக்கவில்லை. “எங்கட வாப்பாக்கும் சீனிதான். நீங்க எத்தின அளவு போடுறீங்க?” என்று கேட்டார். சொன்னேன். “வாப்பாக்கு இதுல அரைவாசிதானே!” என்று மலைத்துப்போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய மாடு ஒரு கத்துக் கத்தியது. பூனை சாரத்தைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, என் சட்டைக்குள் புகுந்து, கமக்கட்டில் முகத்தை ஒளித்துக்கொண்டது. அதன் நெஞ்சு அடிப்பது என் நெஞ்சில் கேட்டது. உலகத்தில் ஒளிய வேறு இடமில்லாமல், அன்று என்னிடம் வந்து ஒளிந்தது. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருந்தாலும் வந்த காரியத்தைக் கேட்டேன். “டொக்டர், அந்த மற்ற ஊசி…”

வைத்தியர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, இந்த அளவு மருந்துக்கு மாட்டுக்கே சீனி இறங்கும். இது வருத்தம் இல்ல, தீனி. வீட்டில ஆரோ இதுக்கு இனிப்புக் குடுக்கிறாங்க. ரெண்டு கிழமை காவல் இருந்து பாருங்க. அதுக்குப் பிறகும் இறங்காட்டி நீங்க கேக்கிற ஊசியப் பத்திக் கதைப்பம்.”

உயிரோடு திரும்பி வந்த பூனையை இறக்கி வைத்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, “வாழைக்கண்டு எங்க?” என்பது. மறுபடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காரைதீவுப் பக்கம் போய் ஒரு கதலிக்கன்று வாங்கி வந்து அந்தக் குழியில் வைத்தேன். கன்றின் தலைமட்டும் வெளியே தெரிந்தது. பாதிக் குழியை மண்போட்டு நிரப்பிவிட்டு மறுபடி வைக்கவேண்டியதாகிவிட்டது.

பிறகு விசாரணை. மனைவி குர்ஆன் மேல் சத்தியம் பண்ண எழும்பினாள், நான் தடுத்தேன். மாமியிடம் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்த வயசில என்னைய சத்தியம் பண்ணச் சொல்லுறீங்களா மகன்?” என்று தொழப் போய்விட்டார். தொழுகை நேரத்துக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். மாமியின் அறையில் அலுமாரிக்கு முன்னால் பூனை மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பதையும் கவனித்திருக்க வேண்டும். அந்த அலுமாரியை நோக்கி எறும்பு வரிசை ஒன்று போவதை நானே மண்ணெண்ணெய் தடவி நிறுத்தியிருக்கிறேன். அப்போதும் புத்தி வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்பட்டு வேலிக்கு வலை அடித்தேன்.

இப்படி ஒன்பது நாள் போனது. பத்தாம் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. பிரதம லிகிதரும் கந்தோரில் நாலு பேரும் இறங்கினார்கள். கையில் முந்திரிகைப்பழம், தோடம்பழம், பிஸ்கட் பெட்டி, மால்ட் டின். சுகமில்லாதவரைப் பார்க்கப் போவது எங்கள் ஊரில் கடமை. அதை நான் எப்படி மறந்தேன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

மாமி குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். கத்தியும் கையுமாக விறாந்தைக்கு வந்தவரைப் பார்த்து ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள்.

“எப்பிடி இருக்கு உம்மா?” என்று பிரதம லிகிதர் மெல்லிய குரலில் கேட்டார்.

“எனக்கு என்ன?” என்றார் மாமி.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணைக் காட்டினேன். நோயாளிக்குச் சொல்லவில்லை என்று அவர்கள் விளங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கதைத்ததெல்லாம் ஹயாத்து மௌத்து அல்லாஹ்வின் கையில் என்பது பற்றித்தான். போகும்போது பிரதம லிகிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்பார்கள். எனக்கு இரண்டு கிலோ முந்திரிகைப்பழம் கிடைத்தது.

முச்சக்கர வண்டி திரும்புவதற்குள் மாமி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

“போன கிழமை என்ட றிப்போட்ட நீங்கதானே மகன் எடுத்துட்டு வந்த. என்னமோ மறைக்கிறீங்க. பரவால்ல. எல்லாரும் போற இடம்தானே. என்னைய ரெண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்க. நான் ஏசினது, பேசினது எல்லாத்தையும் பொறுத்துக்கொள்ளுங்க.”

சாகப்போகிறவர் எல்லோரிடமும் பொறுதி கேட்டுவிட்டுப் போக வேண்டும். மனைவி “உம்மா!” என்று கத்திக்கொண்டு விழுந்தாள். நான் வாய் திறப்பதற்குள் மாமி அலுமாரியைத் திறந்துவிட்டார். உம்றாவுக்குப் போனபோது மக்காவில் வாங்கி, ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த, தன்னை அடக்கும்போது சுற்றுவதற்கான கபன் துணி மேல்தட்டில் இருந்தது. அந்தத் தட்டில் நாங்கள் யாரும் கைவைக்க மாட்டோம். அவர் அதை இழுத்தார். துணிக்குப் பின்னாலிருந்து சீனி போட்ட டின்பால் பேணி ஒன்று உருண்டு வந்து, நிலத்தில் விழுந்து, என் காலடியில் நின்றது. பேணிக்குள் ஒரு கரண்டி. எங்கிருந்தோ ஓடி வந்த பூனை பேணியின் முன்னால் குந்தி வாயைத் திறந்தது.

மூன்று பேரும் பேணியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இதையும் பொறுத்துக்கொள்ளுங்க” என்றார் மாமி. “ஒரு நாளைக்கு ஒரு கரண்டிதான். அது வந்து முன்னால குந்தி வாயப் பாத்துக்கொண்டிருந்தா எப்பிடி எனக்குள்ள இறங்கும்? குடுக்காட்டிக் கத்திக் காட்டிக்குடுத்திரும். அதான் எனக்கு ஒண்டு, அதுக்கு ஒண்டு.” சொல்லும்போது அழுதார். “அதுட உசிரையும் நான்தான் எடுக்கப் பாத்திருக்கன்.”

பிறகு நான் லீவுக் கதையைச் சொன்னேன். மாமிக்கு நம்ப ஐந்து நிமிடம் எடுத்தது. நம்பியதும் கபன் துணியை மடித்துக்கொண்டே, “பூனையக் கொண்டு போக என்னைய நோயாளியாக்கினீங்களா? உங்களப் பொறுக்க மாட்டன் மகன்” என்றார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. மால்ட் டின்னையும் தரவில்லை.

டின்பால் நின்றது. சீனி இறங்கியது. மருந்து பாதியாகக் குறைந்தது. இரண்டாம் மாதம் பூனை தானாகவே கதிரையில் ஏறியதைப் பார்த்து மனைவி தெருவரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னாள். மாமியின் சீனியும் இறங்கியதாகக் கிளினிக்கில் பாராட்டினார்களாம். பின் டயரும் ஒருவழியாக மாறியது. கந்தோரில், தன் துஆவினால்தான் மாமி பிழைத்தார் என்று பிரதம லிகிதர் இன்றும் நம்புகிறார். நான் திருத்தவில்லை.

அடுத்த வருடம் அந்தக் கதலி குலை தள்ளியது. ஊரே பார்க்கும்படியான குலை. ஒரு காலை ஊசி போட்டு முடித்து, பூனையை மடியில் வைத்துக்கொண்டு வாழையடியில் இருந்தேன். மாமி வந்து குலையை அண்ணாந்து பார்த்தார். பிறகு மரத்தின் அடியைப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்கு மகன்” என்றார். “ஆனா வாழைக்கு ஆரு இடுப்பளவு குழி வெட்டுவாங்க?”

அன்றைக்கே கண்டிருக்கிறார். இவ்வளவு நாளும் மகளிடம்கூட ஒரு சொல் விடவில்லை.

“நான் பொறுத்திட்டன்” என்றார் மாமி. “அதுக்கிட்ட நீங்கதான் கேக்கணும்.” சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டேன். பூனையின் காதுக்கிட்ட குனிந்து, “பொறுத்துக்கொள்” என்றேன். அது கமக்கட்டுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. கந்தோருக்கு அன்று அரைமணித்தியாலம் பிந்தித்தான் போனேன். காரணம் கேட்டபோது பூனை என்றேன்.