தாலிப்பொட்டு தேட ஒரு மிஷின்

மண்ணுக்குள் கிடக்கிற காசு, பொன் தேட மிஷின் வாங்கப் போகிறவனுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உன் மண்ணைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. நான் அப்படித்தான் போனேன்.

நகரிக்குக் கிழக்கே எனக்கு ஒண்ணரைக் காணி. ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் ஊர் இந்தப் பக்கமா மெட்ராஸ் பக்கமா என்று ஆளாளுக்குப் பேசிய காலம். அந்த வருஷம் வேர்க்கடலை பிடுங்கும்போது என் பெண்சாதியின் தாலிக்கயிறு இற்று அறுந்துபோனது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தாள். கயிற்றில் கோத்திருந்த பொன்குண்டு ரவிக்கைக்குள் கிடைத்தது. தாலிப்பொட்டு நிலத்தில் போச்சு.

நாலு நாள் மண்ணைச் சலித்தோம். இல்லை. அவள் மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டிக்கொண்டாள். புதுசு செய்து போடுகிறேன் என்றேன்.

"நீ கட்டினது மண்ணுல கெடக்குது. அது இருக்கச்சொல்ல இன்னொண்ணு எதுக்கு?"

அதற்கப்புறம் அவள் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. உழுதால் பொட்டு ஆழத்துக்குப் போய்விடும் என்று நானும் ஏர் விடவில்லை. ரெண்டு விதைப்புப் பட்டம் நிலம் தரிசாகக் கிடந்தது.

திருப்பதியில் ரேடியோ ரிப்பேர் செய்கிற ஒருத்தர், சண்டையில் கண்ணிவெடி தேடின மிலிட்டரி மிஷின் ரெண்டு ஏலத்தில் எடுத்து வைத்திருப்பதாக என் மச்சான் கேட்டு வந்தான். பெண்சாதியின் தம்பி. அவனுக்கு வேறு ஆசை. எங்கள் ஊர் மேட்டில் மழை பெய்தால் பழைய செப்புக்காசு தலை காட்டும். அடியில் பானை பானையாக இருக்கும் என்று நம்பினான்.

"பாதி நான் போடறேன் மாமா. ஆனா ஆழம் பாக்கற மிஷினா எடுக்கணும்."

ரயிலில் போனோம். என் தோளில் ஒரு பை. அதில் நிலத்து மண், சரளையோடு. பொன்குண்டை வேட்டி முனையில் முடிந்திருந்தேன்.

ஒரு மிஷினுக்குக் கழி நுனியில் பெரிய தட்டு, இன்னொன்றுக்குச் சின்னத் தட்டு. ரேடியோக்காரர் வாசலில் இரும்புச் சட்டியைப் புதைத்துக் காட்டினார். மிஷினின் காதுக்குழலை மாட்டிக் கேட்டால் பெரிய தட்டு அலறியது.

"இதான் மாமா" என்றான் மச்சான்.

நான் பையைக் கவிழ்த்தேன்.

"ஏமய்யா இதி? மண்ணு எதுக்கு?" என்றார் ரேடியோக்காரர்.

"வெதை வாங்கினா நம்ம மண்ணுல போட்டுத்தான் பாப்போம். இதையும் பாக்கறேன்."

பெரிய தட்டு வெறும் மண்ணுக்கே கத்தியது. எங்கள் சரளையில் இரும்பு உண்டு. சின்னது சும்மா இருந்தது. குண்டை உள்ளே விரல் ஆழத்தில் வைத்தேன். சின்னது முனகியது. எடுத்தால் நின்றது. வைத்தால் முனகியது. பத்து தடவை பார்த்தேன்.

"இது ஒரு சாண் கூட போவாது மாமா. பானை எப்படிக் கெடைக்கும்?"

"பானை நான் தொலைக்கல."

சின்னதை எடுத்தோம். திரும்பி வரும்போது ரயில் புத்தூர் தாண்டும்வரை மச்சான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் என் பெண்சாதி மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள். மலைமேல் சாமிக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, தட்டை ஒட்டிக் கழியில் கட்டினாள். புதுசாக எது வந்தாலும் எங்கள் வீட்டில் இது உண்டு. எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை.

நிலத்தில் வைத்த இடமெல்லாம் முனகியது. மச்சான் மண்வெட்டியோடு பின்னாலேயே வந்தான். உச்சி வெயிலுக்குள் பதினோரு குழி.

"நெலம் முச்சூடும் காசு மாமா."

பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் நின்று பார்த்தார். "இன்னாடா, எல்லைக்கல்லு நடறீங்களா? எந்தப் பக்கம் மெட்ராசு?"

"நீ நிக்கற பக்கந்தான். இனிமே தெலுங்கு பேசாத" என்றான் மச்சான்.

நான் மிஷினைத் தலைக்கு மேலே தூக்கினேன். அங்கேயும் முனகியது. ஆகாசத்தில் ஏது காசு? மஞ்சள் முடிப்பை அவிழ்த்தேன். சத்தம் நின்றது.

கூழ் கொண்டு வந்தவள் பார்த்துவிட்டாள். "சாமி முடிப்பை எதுக்கு அவுத்தே?"

"சாமி காசுதான் காலைலேர்ந்து கத்திக்கினு இருந்துது."

மச்சான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். அவள் முடிப்பை வாங்கி முந்தானையில் செருகிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். "நான் இங்க நிக்கறேன். நீ பாரு."

மூணு நாள் கோடு கோடாக நடந்தேன். லாட ஆணி கிடைத்தது. ஒரு செப்புக்காசு கிடைத்தது, அதை மச்சான் எடுத்துக்கொண்டான். மூணாம் நாள் வாய்க்கால் ஓரம், அந்த வருஷம் கடலைச்செடி குவித்த இடத்தில், மிஷின் மெல்ல முனகியது. மண்வெட்டி வேண்டாம் என்று விரலால் கிளறினேன்.

பொட்டு. ஓரம் கொஞ்சம் வளைந்திருந்தது.

வாய்க்கால் தண்ணீரில் கழுவினாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி, கிழங்கை எடுத்துவிட்டு, பொட்டைக் கோத்து என் கையில் கொடுத்தாள். மச்சான் அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

"இந்த வாட்டி இறுக்கிக் கட்டு" என்றாள்.

கட்டினேன்.