தாளத்துக்குப் பின்னால்

சேவூர் வட்டாரத்தில் பதினோரு வருஷமாக எந்தக் கல்யாண வரவேற்பு என்றாலும் மேடையில் அனுசுயாதான். வேலை நாளில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். முகூர்த்த நாளில் பட்டுச்சேலையும் மைக்குமாக வேறு ஆள். பக்கத்தில் கீபோர்டு வாசிக்கும் ஈஸ்வரமூர்த்தி அதே கம்பெனியின் கட்டிங் மாஸ்டர். துணியை வெட்டுகிற மாதிரியே பாட்டையும் வெட்டிவிடுவார் என்று அவரை அனுசுயா கேலி செய்வாள். அந்த உரிமை தனக்கு மட்டும்தான் என்று வேறு நினைத்திருந்தாள்.

2004இல் மாஸ்டருக்குக் கிறுக்குப் பிடித்தது. ஆர்டர் பார்க்க வந்த வெள்ளைக்காரர் கம்பெனி காரில் மறந்து விட்டுப்போன சிடி ஒன்று அவர் கைக்கு வந்தது. ஜாஸ் பாட்டு. ஒரு பியானோ, ஒரு பெண் குரல், வேறு வாத்தியமே இல்லை. ஒரு மாசம் அதையே கேட்டுவிட்டு, "தமிழ்ல இப்படியொரு ஆல்பம் போடோணுமுங்க, அனுசுயா" என்று வந்து நின்றார். அட்டைப்படத்துக்கு எந்தச் சேலை கட்டலாம் என்பதுவரை அவள் மனசு போய்விட்டது.

"ட்ராக் மட்டும் நீங்க பாடிக் குடுத்துருங்க. சிடியில நம்ம நதியா பாடட்டும்" என்றார் மாஸ்டர்.

நதியா! சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண். அனுசுயாவின் மேஜையில் நூல் பிசிறு வெட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாளாம்.

"அவ கொரல்ல என்னத்தைங்க கண்டீங்க?"

"கனமுங்க. உங்க கொரலு சினிமாப் பாட்டுக்குத்தான் வாகு."

ட்ராக் என்பது வெறும் வழிகாட்டி. அதைக் கேட்டுப் பழகி நிஜப் பாடகி பாடி முடித்ததும் அழித்துவிடுவார்கள். தன் குரலை அழிக்க அனுசுயா தானே பாடிக் கொடுக்க வேண்டும். ஆனாலும் சரியென்று தலையாட்டினாள். நதியாவுக்கு ஸ்வரம் எழுதப் படிக்கத் தெரியாது. காதில் விழுந்ததை மூச்சு இழுப்பதுவரை அப்படியே திருப்பிப் பாடுவாள் என்பது அனுசுயாவுக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் ட்ராக் எடுத்த அன்று கம்பெனியில் ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்பும் நாள். மாஸ்டரால் வர முடியவில்லை. அவர் முன்பே வாசித்துவைத்த பியானோவின் மேல் அனுசுயா பாடினாள். கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும் மனைவி புருஷனிடம் விடைபெறும் பாட்டு அது. 'வண்டி வந்தாச்சு, போகட்டுமா' என்ற அடி வரும்போதெல்லாம் 'போகட்டுமா'வை வேண்டுமென்றே தாளத்துக்குப் பின்னால் இழுத்தாள். கொஞ்சம் நஞ்சமல்ல, நொண்டுவது நன்றாகக் கேட்கும்படி. அந்தப் படுபாவிப் பெண் மாஸ்டர் முன்னால் இப்படிப் பாடட்டும், தாளம் தெரியாத குட்டு வெளிப்படட்டும் என்று நினைத்தபோது நெஞ்சு குளிர்ந்தது.

அந்த ட்ராக்கைப் பதிந்து கொடுத்த கேசட்டை நதியா இரண்டு வாரம் வாக்மேனில் கேட்டுக்கொண்டே பிசிறு வெட்டினாள். எதிரே நின்ற அனுசுயா, பாட்டு கேட்க அனுமதி கொடுத்த நல்ல சூப்பர்வைசராகச் சிரித்துக்கொண்டாள்.

ரெக்கார்டிங் அன்று லீவு போட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். 'போகட்டுமா' வந்தது. நதியா துளி மாற்றாமல் பின்தங்கினாள். கூடவே பியானோ வாசித்த மாஸ்டரின் விரல் நின்றுவிட்டது.

"ஏனுங்க, இதை இப்படிப் பாடச் சொன்னது யாருங்க?"

அனுசுயா முந்திக்கொண்டாள். "நான் நேராத்தானுங்க பாடிக் குடுத்தேன். அது அவளாப் பண்ணிக்கிட்டது."

கண்ணாடிக்கு அப்பால் நதியா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். மறுபடி மைக் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோறு போடுகிற வேலை அக்காவின் மேஜையில் அல்லவா இருக்கிறது.

மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது. "அந்த ஜாஸ் சிடியில வெள்ளைக்காரம்மா இப்படித்தானுங்க பாடுது. ஒரு மாசமாக் கேட்டும் எனக்குப் பிடிபடலை. போக மனசில்லாதவ பின்னாலதானுங்களே நிப்பா! கண்ணு, இப்படியே பாடு."

"அக்கா சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றாள் நதியா மெதுவாக.

"அடக்கத்தைப் பாருங்க!" என்று சிரித்தார் மாஸ்டர்.

அனுசுயா வாயைத் திறந்தாள். அது என்னுடையது என்று சொன்னால், எதற்காக அப்படிப் பாடினாய் என்ற கேள்வி வரும். மூடிக்கொண்டாள்.

சிடி வட்டாரக் கடைகளிலெல்லாம் விற்றது. அட்டையில் மாஸ்டரும் நதியாவும். டீக்கடை, மினிபஸ் எங்கும் அந்த 'போகட்டுமா'. கேட்கும்போதெல்லாம் அனுசுயாவுக்குப் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்றுதான் விளங்கவில்லை. திருடியவள்மேல் என்று சொல்ல முடியவில்லை, தானே அல்லவா கொடுத்தாள்.

அடுத்த தையில் சேவூரில் ஒரு வரவேற்பு. அந்தப் பாட்டைத்தான் கேட்டார்கள். வீம்புக்குத் தாளத்தோடு ஒட்டி நேராகப் பாடினாள். முன்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியம்மா முத்தாத்தாள் முகத்தைச் சுளித்து, "சிடியில இருக்கறாப்ல வல்லீங்களே" என்றாள். மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு மறுபடி எடுத்தார். அனுசுயா கண்ணை மூடி, அன்று ஸ்டுடியோவில் பாடியது போலவே பின்தங்கிப் பாடினாள். கைதட்டல் அடங்கவே இல்லை.

"இப்பத்தானுங்க வந்துச்சு!" என்றாள் முத்தாத்தாள். "அப்படியே அந்த நதியாப் புள்ளையாட்டவே பாடறீங்க. அதுகிட்டயே கத்துக்கிட்டீங்களாக்கும்?"

மைக் அவள் கையில்தான் இருந்தது.

"ஆமாங்க" என்றாள் அனுசுயா.