பால் கேனில் நாற்பது கெண்டை

1984ஆம் வருடம், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு ஏற்காடு பஸ் நிலையத்தில் செல்வமேரி ஒரு படகை பஸ்ஸின் தலையில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். மரச்சட்டத்தின் மேல் கித்தான் போர்த்திய படகு. ஓர் ஆள் மட்டும் காலை நீட்டி உட்காரலாம். அவள் சமையற்கட்டில் வேலை பார்த்த விடுதிப் பள்ளியின் விளையாட்டு மாஸ்டர், ஒரு வெள்ளைக்காரர், அதைக் கயாக் என்பார். தன் நாட்டுக்குத் திரும்பும்போது, இதை ஓட்டத் தெரிந்தவள் இங்கே நீ ஒருத்திதான் என்று அவளிடமே விட்டுப் போய்விட்டார்.

கண்டக்டர் படகை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுக்குள்ள ஆளு கீளு படுத்திருக்குதுங்களா?"

"இல்லீங்க. சும்மா படகுதானுங்க."

"இருபது கொண்டை ஊசி வளைவு இருக்குதுங்க. நாம வளையறப்ப இது நேரா போயிராதுங்களே?"

பஸ்ஸுக்குள் சிரித்தார்கள். செல்வமேரிக்குச் சிரிக்க நேரமில்லை. அவள் கவனமெல்லாம் காலடியில் இருந்த அலுமினியப் பால் கேன் மேல். முந்தின நாள் மாலை ஏரியில் பிடித்த நாற்பது கெண்டைக்குஞ்சுகள் அதற்குள் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடிக்க வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவர் படகுத்துறைக் காவல்காரர் ஐயாக்கண்ணு. நாகலூர்க்காரர். வழியனுப்ப ஜன்னலோரம் வந்து நின்றார்.

"ஏங் கண்ணு, கடல்ல மீனு தீந்துபோச்சா? இங்கிருந்து கொண்டுட்டுப் போற?"

"இது இரைங்ணா."

"மீனு புடிக்கறதுக்கு மீனா? உனக்கு நொம்பத்தான் கிறுக்கு. பத்தரமா போயிட்டு வா சாமி."

செல்வமேரிக்கு அப்போது வயது இருபத்தாறு. ஓரிடத்தில் கால் தரிக்காது. சோறு வடிக்கும்போதே வாசலுக்கும் அடுப்புக்கும் நாலு நடை நடந்துவிடுவாள். மத்தியானப் பாத்திரம் கழுவி முடிந்ததும், சாயங்கால டீக்கு முன்னால் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அவளுக்கு அமைதி. கயாக்கில் ஏரிக்குள் போவாள். கெண்டைக்குஞ்சின் முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலோடு மட்டும் தூண்டில் முள்ளைக் கோத்து நீரில் விடுவாள். குஞ்சு வலியில்லாதது போல நீந்தும். செத்த இரையைத் திரும்பியும் பார்க்காத விரால், அதைப் பாய்ந்து கவ்வும். அந்த ஒரு கணத்துக்காக அவள் கால்கள் அசையாமல் கிடக்கும்.

ஆனால் துடுப்பை நாலு இழுப்பு இழுத்தால் ஏரி தீர்ந்துவிடும். எதிர்க்கரை வந்துவிடும். அவள் திரும்புவாள். மறுபடி கரை.

அவளுடைய அக்கா ஞானப்பூவை வேளாங்கண்ணிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அக்காவின் கணவர் சவரிமுத்து கட்டுமரத்தில் தனியாகப் போய் எருமை நாக்கு என்றொரு மீனைப் பிடிப்பாராம். தட்டையான மீன். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில். மணலில் புதைந்து கிடந்து, உயிருள்ள இரை மேலே கடந்து போனால் எழும்பி விழுங்குமாம். அக்கா ஏதோ பேச்சுக்கு எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகு செல்வமேரிக்கு ஏற்காட்டில் மூச்சு முட்டியது. நான் அங்கேயே வந்து மீன் பிடித்துப் பிழைத்துக்கொள்கிறேன் என்று எழுதிப் போட்டாள்.

பெண்கள் மரத்தில் ஏற மாட்டார்கள் என்று பதில் வந்தது. கட்டுமரத்தை அங்கே மரம் என்றுதான் சொல்வது.

'என்னுடையது மரம் இல்லை அக்கா, கித்தான்' என்று இவள் எழுதினாள். சவரிமுத்து அதைக் கேட்டுச் சிரித்தாராம். சரி, வரட்டும் பார்க்கலாம் என்றாராம்.

சேலத்தில் குழாயடி, நாமக்கல்லில் டீக்கடைத் தொட்டி, பிறகு திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம். ஐந்து இடத்தில் இறங்கி ஓடி, கேனில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊற்றினாள். தஞ்சாவூரில் பக்கத்து சீட்டு அம்மாள் பொறுக்க முடியாமல், "கைக்குழந்தைக்குக்கூட இத்தன தடவ தண்ணி காட்ட மாட்டாங்கம்மா" என்றாள். ஆனால் பொழுது சாய்ந்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்பதில் ஒன்றுகூடச் சாகவில்லை.

சவரிமுத்து கயாக்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கேன் மூடியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார். மூடினார்.

"ஒரே ஒரு நாளு" என்றார். "நாளைக்கிப் போ. ஒரு எருமை நாக்கோட வா. அதுக்கப்பறம் ஊருல எவன் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். நீ இங்கயே தொழில் பண்ணலாம். வெறுங்கையோட வந்தியானா, இந்தப் பேச்ச இதோட விட்டுறணும்."

"விட்டர்றனுங்க மாமா."

"மாமா போற எடத்துலதான் இறாலு கெடக்கும், இரைக்கு நாலு கேட்டு வாங்கிக்கடி" என்றாள் அக்கா.

"எம்பட கெண்டையப் பாத்தீல்ல? எத்தன துடிப்பு! இறாலெல்லாம் எதுக்கு?"

சவரிமுத்து பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்ததும் மூன்று அலைகளில் நனைந்து, நாலாவதைத் தாண்டி, அவள் கடலுக்குள் போனாள். துடுப்பை இழுத்தாள், இழுத்தாள், எதிர்க்கரை வரவில்லை. ஓடி ஓடித் தேடினது இதைத்தான் என்று தோன்றியது. சவரிமுத்து அடையாளம் சொன்ன மணல் திட்டுக்கு மேலே படகை நிறுத்தியபோது வெயில் ஏறிவிட்டது. கேனைத் தொட்டாள். சுட்டது.

தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும். பாதியைக் கொட்டிவிட்டு, கை நிறையக் குளிர்ந்த கடல் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். ஆறாவது தடவை.

கெண்டைகள் ஒரேயடியாகத் துள்ளின. சந்தோஷம் என்றுதான் நினைத்தாள். பிறகு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. சூடு இன்னும் தணியவில்லை போல என்று மேலும் ஊற்றினாள். சற்று நேரத்தில் கேன் முழுக்க வெள்ளை வயிறுகள்.

செத்ததையே முள்ளில் கோத்தாள். ஈயக்குண்டு கட்டி இறக்கி, உயிருள்ளது போல தூண்டில் நரம்பைச் சுண்டிச் சுண்டி இழுத்தாள். உச்சிவரை அப்படியே இழுத்தாள். ஒரே ஒரு தடவை நரம்பு லேசாக அதிர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவந்தாள். முறம் அகலத்துக்கு மண் நிறத்தில் ஒன்று இரையின் பின்னாலேயே ஏறி வந்தது. ஒரே பக்கத்தில் இருந்த இரண்டு கண்ணாலும் செத்த கெண்டையைப் பார்த்தது. அவளையும் பார்த்தது போலிருந்தது. பிறகு திரும்பி, அவசரமில்லாமல் கீழே போய்விட்டது.

கரையில் பெண்கள் கேனை எட்டிப் பார்த்தார்கள்.

"ஏரி மீனக் கடல்ல ஊறப்போட்டுக் கொண்டாந்திருக்கா!"

"உப்பு ஏறிடுச்சு, காயவச்சாக் கருவாடுடி!"

எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. படகை இழுத்துப்போய்ப் பூவரசு நிழலில் கவிழ்த்தார்.

"பேச்சு முடிஞ்சுது" என்றார், கடலைப் பார்த்தபடி.

செல்வமேரி படகைக் கேட்கவில்லை. காலிக் கேனோடு பஸ் ஏறினாள்.

"கடலு எப்படிக் கண்ணு இருந்துச்சு?" என்று ஏற்காட்டில் ஐயாக்கண்ணு கேட்டார்.

"நொம்ப உப்புங்ணா."

அந்த வாரமே ஒரு பேசின் தண்ணீரில் இரண்டு கை உப்பைப் போட்டுக் கரைத்து, ஒரு கெண்டைக்குஞ்சை விட்டுப் பார்த்தாள். கூட வேலை செய்தவர்கள் யாரும் பார்ப்பதற்குள் அதை வெளியே கொட்டினாள். பிறகு ஏரிப் பக்கமே போகவில்லை.

சமையற்கட்டை விட்டாள். பேக்கரியில் ஒன்றரை வருடம். கரடியூரில் ஒரு எஸ்டேட்டில் மிளகு பிரிக்கும் வேலை. அதையும் விட்டு, வெள்ளக்கடையில் ஒரு செடிப் பண்ணை. ஆறு தடவை வீடு மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் பால் கேன் கூடவே போய்க் கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொண்டது. சேலத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பொண்ணு ஏன் உட்காரவே மாட்டேங்குது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அக்காவுக்குக் கடிதம் எழுதுவாள். கடைசி வரி மட்டும் மாறாது: 'மாமாவிடம் இன்னும் ஒரு நாள் கேள்.' அக்கா பதிலில் பிள்ளைகள் இருப்பார்கள், புயல் இருக்கும், கோயில் திருவிழா இருக்கும். அதற்கு மட்டும் பதில் இருக்காது.

1995 ஆகஸ்டில், செடிகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு தபால் கார்டு வந்தது. பழைய பள்ளி முகவரிக்கு எழுதியது; எழுதியவருக்கு அது ஒன்றுதான் தெரிந்திருந்தது போல. அதை அடித்து பேக்கரி, அதையும் அடித்து எஸ்டேட், கடைசியில் வெள்ளக்கடை. கையெழுத்து அக்காவுடையதில்லை. மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள்.

'செல்வமேரிக்கு மாமா சவரிமுத்து எழுதுவது. அன்றைக்குக் கேன் மூடியைத் திறந்து பார்த்தபோதே, அந்தக் கெண்டை கடல் தண்ணீரில் நிற்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நீ மீனோடு வந்துவிடுவாய் என்று பயமாக இருந்தது. உன் படகுக்குப் புதுக் கித்தான் போட்டு வைத்திருக்கிறேன். ஊரில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன். வெறுங்கையோடு வா. இறால் நான் பிடித்து வைக்கிறேன்.'